சந்தா கட்டியும் குதிரை வராதது ஏன்?

பரந்தனிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அப்பா பதினெட்டு வருடம் லண்டனில் இருந்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறார். அங்கே சனிக்கிழமை பின்னேரங்களில் குதிரை ரேஸ் பார்ப்பது அவருடைய பழக்கம். இங்கே டிஷ்ஷுக்கு மாதச் சந்தா ஒழுங்காகக் கட்டுகிறோம், ஒரு ரேஸ்கூட வருவதில்லை. லண்டனில் இருக்கிற தம்பியோ, அங்கேயும் இரண்டு இடத்துக்குக் காசு கட்டினால்தான் எல்லாம் பார்க்கலாம் என்கிறான். ஒரே விளையாட்டுக்கு ஏன் இத்தனை சிக்கல்? வேறு வழி ஏதும் உண்டா, அண்ணா?"

தங்கச்சி, உங்கள் அப்பாவின் ஏக்கம் எனக்கு நன்றாக விளங்குகிறது. நானும் பதினொரு வருடம் இங்கிலாந்தில் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தவன். இப்போது கிளிநொச்சியில் டிஷ் அன்ரனா பூட்டுகிறேன். ரேஸில் ஒரு சதம் கட்டியதில்லை. ஆனால் குதிரை ஓடுவதைப் பார்க்க எனக்கு இன்றுவரை அலுத்ததில்லை. அதனால் இரண்டு பக்கத்தையும் தெரிந்தவனாகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் படம் யாருடையது என்று பார்க்க வேண்டும். கிரிக்கெட்டில் இது சுலபம். நாட்டின் கிரிக்கெட் சபை தன் மைதானங்களில் நடக்கும் ஆட்டங்களை ஒரே கட்டாக ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிடும். பிரித்தானியக் குதிரைப் பந்தயத்தில் அப்படியில்லை. அங்கே 59 பந்தயத் திடல்கள் இருக்கின்றன. விதிகளைப் பார்ப்பதற்கு ஒரு மேல் அமைப்பு உண்டு, ஆனால் படத்தை விற்கிற உரிமை அந்த அமைப்பிடம் இல்லை. அது ஒவ்வொரு திடலின் சொந்தக்காரரிடமும் இருக்கிறது. திடல்காரர்கள் கூட்டுச் சேர்ந்து ஆளுக்கொரு பக்கம் போனார்கள், சனலும் இரண்டாகியது.

2002இல் பெரும்பாலான திடல்களைச் சேர்த்து 'அட் த ரேசஸ்' என்று ஒரு சனல் தொடங்கினார்கள். பத்து வருடத்துக்கு 30 கோடிப் பவுணுக்கு மேற்பட்ட ஒப்பந்தம். இரண்டு வருடம்கூட அது தாங்கவில்லை. 2004இல் குலைந்தது. அந்த வருடமே ஒரு பகுதித் திடல்கள் 'ரேசிங் யூகே' என்று தங்கள் சனலைத் தொடங்கின, மற்றப் பகுதி பழைய பெயரிலேயே திரும்ப வந்தது. ரேசிங் யூகேதான் இப்போது 'ரேசிங் ரீவி', மற்றது 2019இலிருந்து 'ஸ்கை ஸ்போர்ட்ஸ் ரேசிங்'. செல்ட்டன்ஹாம், ஏன்ட்ரீ, எப்சம், நியூமார்க்கெட், யோர்க் எல்லாம் ரேசிங் ரீவியில். அஸ்கொட், டொன்காஸ்டர், விண்ட்சர், வுல்வர்ஹாம்ப்டன் எல்லாம் ஸ்கையில். அயர்லாந்துப் பந்தயங்களும் 2019 ஜனவரியில் ஒரு சனலிலிருந்து மற்றதுக்கு மாறின. அயர்லாந்துக் குதிரைகளுக்காகவே சந்தா கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் அந்தப் புதுவருடத்தில் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் தம்பி சொன்னது சரிதான். ஒரு சந்தா மாதாமாதம் தனியாகக் கட்டுவது, மற்றது பெரிய ரீவிப் பொதியோடு வருவது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் காசு.

"பெரிய பந்தயங்கள் இலவசமாக வருகின்றனவே" என்று யாராவது சொல்வார்கள். வருகின்றன. சனல் 4 காட்டிக்கொண்டிருந்தது, 2017இலிருந்து ஐ.ரி.வி காட்டுகிறது. வருடத்தில் நூறு நாளுக்குக் குறையாது. கிராண்ட் நஷனல், எப்சம் டேர்பி இரண்டையும் இலவசச் சனல்களுக்கு எட்டாமல் சந்தாவுக்குள் மாத்திரம் பூட்டிவைக்க முடியாதபடி சட்டமும் இருக்கிறது. ஆனால் குதிரையை விரும்பிப் பார்க்கிறவனுக்கு டேர்பி நாள் மட்டும் போதாது. டேர்பியில் ஓடுகிற குதிரை போன வருடம் ஒரு சின்னத் திடலில், இருபது பேர்கூட நின்று பார்க்காத ஒரு பின்னேரம், காது இரண்டையும் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, எங்கே ஓடவேண்டும் என்று தெரியாமல் ஓடிய குதிரை. அந்த ஓட்டத்தைப் பார்த்தவனுக்குத்தான் டேர்பியில் அது வென்றால் நெஞ்சு நிறையும். பெரிய நாள் இலவசம், அந்தக் குதிரை வளர்ந்த கதை முழுக்கச் சந்தாவுக்குள். உங்கள் அப்பாவுக்கு இல்லாமல் போனது அந்தக் கதைதான் என்று நினைக்கிறேன்.

இனிச் சொல்லப்போவதுதான் எல்லாவற்றுக்கும் அடி. இந்தப் படம் ஆரம்பத்திலிருந்தே வீட்டில் இருந்து பார்க்கிறவனுக்காக எடுக்கப்பட்டதில்லை. பிரித்தானியாவில் பெட்டிங் கடைகள் 1961இல் சட்டபூர்வமாகின. 1986இல் அந்தக் கடைகளுக்குள் நேரடிப் படம் காட்ட அனுமதி கிடைத்தது, அடுத்த வருடமே செய்மதி வழியாகக் கடைகளுக்குப் படம் அனுப்பத் தொடங்கினார்கள். இன்றைக்கும் திடல்களுக்குப் படத்தால் வருகிற வருமானத்தில் பெரும்பங்கு பெட்டிங் கடைகளும் பெட்டிங் இணையத்தளங்களும் கொடுப்பது. வீட்டுச் சந்தாக்காரன் கொடுப்பது அதற்கு மேலதிகமாகத்தான். பணம் கொடுப்பவனுக்கு வேண்டியது அடுத்தடுத்து ஓட்டம். ஒன்று முடிந்ததும் கடைக்கு வந்தவன் அடுத்ததற்குக் காசு கட்ட வேண்டும். அதனால்தான் வருடத்துக்கு 1,400க்கு மேற்பட்ட பந்தய நாள்கள். அதனால்தான் சனிக்கிழமையில் ஒரே சனல் மூன்று நான்கு திடல்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு திடலில் ஏறக்குறைய 35 நிமிடத்துக்கு ஒரு ஓட்டம். நான்கு திடல் என்றால் ஒன்பது நிமிடத்துக்குள் ஒன்று. ஒன்று கொஞ்சம் பிந்தினால் அடுத்ததோடு முட்டும். அப்போது திரையை இரண்டாகப் பிளந்து இரண்டு ஓட்டத்தையும் ஒன்றாகக் காட்டுவார்கள். இரண்டிலும் எது எந்தக் குதிரை என்று தெரியாது. 2024இல் இதற்கு ஒரு மருந்து பார்த்தார்கள்: சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை மூன்று திடல்களில் மாத்திரம் பந்தயம் என்று பரீட்சார்த்தமாக ஒரு ஒழுங்கு. பார்க்கிறவனை நினைத்துச் செய்த சில காரியங்களில் அதுவும் ஒன்று என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

இந்த அவசரத்தில் அடிபட்டுப் போவது ஓட்டத்துக்கு முந்திய பத்து நிமிடம். குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்களே, அந்த இடம். ரேஸ் தெரிந்தவனுக்கு அதுதான் பாதி விளையாட்டு. கழுத்தில் வியர்வை நுரைக்கிறதா, பின்னங்கால் முன்னங்காலின் தடத்தைத் தாண்டி விழுகிறதா, பிடித்திருக்கிற பெடியனை இழுக்கிறதா அல்லது தலையைத் தாழ்த்தி அமைதியாக நடக்கிறதா, போன மாதத்தை விட வயிறு ஒட்டியிருக்கிறதா. இதெல்லாம் அங்கேதான் தெரியும்.

எங்கள் ஊர்ச் சவாரிக்குப் போன ஆட்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மாட்டுவண்டிச் சவாரி அன்று காலை திடலுக்குப் போனால், வண்டில் பூட்டுவதற்கு முதல் பெரியவர்கள் சோடி சோடியாகச் சுற்றிவந்து பார்ப்பார்கள். போன ஆடியில் ஒரு ஐயாவைக் கவனித்தேன். கம்பீரமான ஒரு வெள்ளை நாம்பனுக்குப் பக்கத்தில் போய், ஒன்றும் கதைக்காமல், உள்ளங்கையை அதன் விலாவில் வைத்துக்கொண்டு நின்றார். மூச்சை எண்ணுகிறார். பிறகு குனிந்து குளம்பின் ஓரத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து பக்கத்திலிருந்தவரிடம், "இண்டைக்கு இது ஓடாது" என்றார். ஓடவில்லை. உங்கள் அப்பா லண்டனில் ரீவிக்கு முன்னால் இருந்து தேடியதும் அந்த ஐயா தேடியதைத்தான். அந்தப் பத்து நிமிடத்தை வெட்டிவிட்டு, விலைப்பட்டியலை வரிசையாகப் போட்டு, எந்தக் குதிரைக்கு எவ்வளவு கட்டலாம் என்று நான்கு பேர் கதைப்பதைக் காட்டினால் அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? இங்கிலாந்தில் இருந்த காலத்தில் நான் கேட்ட முறைப்பாடுகளில் காசைப் பற்றியதை விட இதைப் பற்றியதுதான் அதிகம்.

இன்னொன்று, இது எனக்கு உண்மையாகவே மனவருத்தம் தருவது. சந்தா கட்டாமல் பார்க்க ஒரு வழி அங்கே இருக்கிறது: பெட்டிங் இணையத்தளத்தில் கணக்குத் திறந்து, அந்த ஓட்டத்துக்கு ஒரு பவுணாவது கட்டினால் படத்தைத் திறந்துவிடும் தளங்கள் பல. ஒரு பவுண்தானே என்று தோன்றும். ஆனால் சூதிலிருந்து கஷ்டப்பட்டு வெளியே வந்த ஒருவனுக்கு அது எவ்வளவு ஆபத்தான கதவு! எங்கள் ஆட்களில் இரவு வேலைச் சம்பளத்தை விடியப்புறத்துக்குள் தொலைத்தவர்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன். குதிரையைப் பார்க்க ஆசைப்படுகிற ஒருவனை, முதலில் காசு கட்டு, பிறகு பார் என்று சொல்வது சரியில்லை. அப்பாவுக்கு அந்த வழியை யாராவது காட்டித் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்றில்லை. பிரான்சில் பந்தயச் சங்கங்களே 1999இலிருந்து 'எக்கிடியா' என்ற சனலை நடத்துகின்றன. பாரிஸ் லா சப்பலில் இருக்கிற எங்கள் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். அவுஸ்திரேலியாவில் இங்கிலாந்தைப் போலவே இழுபறி. அங்கே திடல்காரர்கள் 2005இல் தொடங்கிய ஒரு சனல் 2015இல் மூடப்பட்டது. அதே வருடம் விக்டோரியா மாநிலப் பந்தய அமைப்பு இலவசச் சனல் ஒன்றுக்கு வழிசெய்தது. ஹொங்கொங்கில் ஜொக்கி கழகம் ஒன்றே திடல், பெட்டிங், படம் மூன்றையும் வைத்திருப்பதால் இந்தப் பிளவுக்கே இடமில்லை.

சரி, வன்னிக்கு வருவோம்.

உங்கள் வீட்டுத் தொகுப்பில் ஏன் ஒரு ரேஸ் சனலும் இல்லை? சந்தா நிறுவனம் ஒரு நாட்டுக்கென்று உரிமை வாங்கும்போது அந்த நாட்டில் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்றுதான் கணக்குப் போடும். இங்கே கிரிக்கெட், உதைபந்தாட்டம், கொழும்புப் பக்கத்துக்கு ரக்பி, அவ்வளவுதான். குதிரைப் பந்தயம் எங்கள் நாட்டில் பழையது. கொழும்புத் திடல் 1893இல் திறந்தது, இரண்டாம் உலக யுத்தத்தில் விமான ஓடுபாதையாகக்கூட இருந்தது. 1956இல் கொழும்பில் பந்தயத்தை நிறுத்தினார்கள். இப்போது நுவரெலியாவில் சித்திரை (ஏப்ரல்) மாதத்தில் நடப்பதுதான் பெயர் சொல்லக்கூடியது. ஒரு மாதக் கூத்துக்காக ஒரு சனல் வாங்க யாரும் துணியமாட்டார்கள்.

ஆனால் இங்கிலாந்துப் படம் இந்தத் தீவுக்கு வராமலும் இல்லை. கொழும்பில் ரேஸ் புக்கி, அதாவது பெட்டிங் கடை, ஒன்றுக்குள் எட்டிப் பாருங்கள். சுவரில் ரீவி, அதில் இங்கிலாந்துக் குதிரைகள் ஓடிக்கொண்டிருக்கும், கீழே துண்டுச் சீட்டோடு ஆட்கள் நிற்பார்கள். படம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது, ஆனால் காசு கட்டுகிற இடத்துக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. பரந்தனில் முற்றத்துக் கதிரையில் இருக்கிற ஒரு மனிதருக்கு அது வரவில்லை. மேலே நான் சொன்ன அடிக்காரணம் இங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

தமிழ்நாட்டுப் பக்கம் பார்க்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, வெறும் சூதாட்டம் இல்லை என்று 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே சென்னை கிண்டிப் பந்தயக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில்தான். ஆனால் 2024 செப்ரெம்பரில் வாடகைப் பாக்கி காரணமாக அந்த 160 ஏக்கர் நிலத்தைத் தமிழ்நாடு அரசு சீல் வைத்துத் திரும்ப எடுத்தது. இப்போதைக்கு அந்தப் பக்கத்தை நம்பி ஒன்றும் செய்ய முடியாது.

சந்தா என்பது எங்கள் ஆட்களுக்குப் புதியதும் இல்லை, தங்கச்சி. தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் கிடையாது. எங்கள் ஒழுங்கையில் படமோ கிரிக்கெட்டோ பார்ப்பதென்றால் ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் வாங்கி, வாடகைக்கு ரீவி கொண்டுவருவார்கள். பொருளாதாரத் தடைக் காலம், மண்ணெண்ணெய் பொன்னுக்குச் சமம். ஜெனரேற்றர் இடையில் நின்றுவிட்டால் காசு சேர்த்த அண்ணா அடுத்த நாள் வீடு வீடாகப் போய் மீதியைத் திருப்பிக் கொடுப்பார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இரண்டு வருடத்துக்கு முன் என் வாடிக்கையாளர் ஒருவர் விளையாட்டுச் சனலுக்காக ஒரு நிறுவனத்துக்கு வருடச் சந்தா முழுதாகக் கட்டினார். ஐந்தாம் மாதம் அந்தச் சனலை எடுத்துவிட்டார்கள். தொலைபேசியில் கேட்டால், ஒப்பந்தம் முடிந்துவிட்டது, காசு திருப்பித் தர ஏற்பாடு இல்லை என்று பதில். அவருடைய வீட்டில் அன்ரனா பூட்டியவன் நான்தான், அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான்: மாதத்துக்கு மாதம் கட்டுங்கள், வருடத்துக்குக் கட்டாதீர்கள்.

உலகத்துச் சனல் எல்லாம் வரும் என்று 'பொக்ஸ்' விற்கிறவர்களும் உங்களிடம் வருவார்கள். வேண்டாம். அது களவுப் படம், அது ஒன்று. இரண்டாவது, பெரிய பந்தயம் நடக்கிற அன்றுதான் அது நின்றுபோகும், கடைசிப் பர்லாங்கில் உறைந்துபோய் நிற்கும். வித்தவனுடைய தொலைபேசியும் அன்றைக்கு வேலை செய்யாது. அந்தப் பெட்டியைப் பூட்டித் தரச்சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புகிறேன்.

இனி என்ன செய்யலாம்?

நேரடியை விட்டுவிட்டுப் பதிவைப் பார்க்கப் பழக்குங்கள். ஓட்டங்களின் பதிவுகளை ரேசிங் ரீவி தன் யூரியூப் பக்கத்தில் இலவசமாகப் போடுகிறது. ஜப்பானியப் பந்தயச் சங்கமும் அப்படியே. ஹொங்கொங் ஜொக்கி கழகத்தின் தளத்தில் பழைய ஓட்டங்களையும் தேடிப் பார்க்கலாம். மொழி விளங்காவிட்டாலும் பரவாயில்லை, குதிரைக்கு மொழி தேவையில்லை. ஒரு ஓட்டம் இரண்டு மூன்று நிமிடம்தான், டேட்டாவும் அதிகம் போகாது. நேரடிப் படமே இணையத்தில் பல விநாடி பிந்தித்தான் வரும். அதற்கிடையில் லண்டனிலிருந்து தம்பி வட்ஸ்அப்பில் வென்ற குதிரையின் பெயரைப் போட்டுவிட்டால் எல்லாம் போயிற்று. பதிவு பார்க்கும்வரை முடிவைச் சொல்லாதே என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். இது சின்ன விடயமாகத் தெரியும், ஆனால் அப்பாவுக்கு அது பெரிது.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பங்குனி (மார்ச்) கடைசி ஞாயிறிலிருந்து ஐப்பசி (ஒக்ரோபர்) கடைசி ஞாயிறுவரை இங்கிலாந்து எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பின்னால், மற்ற மாதங்களில் ஐந்தரை. அதாவது கோடையில் அங்கே பின்னேரம் இரண்டு மணி ஓட்டம் எங்களுக்கு மாலை ஆறரை. சித்திரையில் வருகிற கிராண்ட் நஷனல் 2024இலிருந்து அங்கே நான்கு மணிக்குத் தொடங்குகிறது, எங்களுக்கு இரவு எட்டரை. நாற்பது குதிரை ஓடிய அந்தப் பந்தயத்தில் இப்போது 34தான், அதுவும் அந்த வருடம்தான் குறைத்தது. அப்பா இதை அறிந்திருக்கிறாரா என்று கேளுங்கள், கதைக்க ஒரு பொருளாகும். கார்த்திகை (நவம்பர்) முதல் செவ்வாய் அவுஸ்திரேலியாவின் பெரிய பந்தயமான மெல்பேர்ண் கிண்ணம், எங்களுக்குக் காலை ஒன்பதரை. மாரி மழைக்கு டிஷ் படம் உடைந்து உடைந்து வருகிற காலம் அது, ஆகவே தொலைபேசியிலேயே பார்க்கட்டும்.

வருகிற சித்திரையில் முடிந்தால் அவரை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே வேலியோரம் நின்றால் குதிரை கடந்து போகும்போது நிலம் அதிர்வது காலில் தெரியும். எந்தச் சந்தாவிலும் அது வராது. அதுவரைக்கும், கிட்ட எங்கேயாவது சவாரி நடந்தால் காலையிலேயே கூட்டிப் போய், வண்டில் பூட்டுகிற இடத்தில் விடுங்கள். மாட்டையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்.

தொலைபேசியில் வருவதை வீட்டு ரீவியில் பெரிதாகக் காட்ட ஒரு வயர் போதும், சில தொலைபேசிகளுக்கு அதுவும் தேவையில்லை. இந்தச் சனிக்கிழமை பரந்தன் பக்கம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆறு மணிக்குப் பிறகு வந்து பூட்டித் தருகிறேன், கூலி வேண்டாம். அதற்கு முதல் அப்பாவிடம், அவர் கடைசியாக லண்டனில் விரும்பிப் பார்த்த குதிரையின் பெயரைக் கேட்டு ஒரு துண்டில் எழுதி வையுங்கள். அந்தப் பெயரிலிருந்தே தேடத் தொடங்குவோம்.